மஞ்சள் பெட்டியில் கிடைத்த பத்திரிகை: சிகாகோ ரீடர் அனுபவங்கள்

ரோஜர்ஸ் பார்க் வாசி

1999 ஆகஸ்டில் சிகாகோவுக்குப் படிக்க வந்து இறங்கினேன். சீனியர் ஒருவரின் ஹாலில்தான் படுக்கை. வீடு தேட வேண்டும் என்றதும், "வியாழக்கிழமை வரட்டும்டா, ரீடர் வரும்" என்றார். வாராவாரம் இலவசமாகக் கிடைக்கும் 'சிகாகோ ரீடர்' பத்திரிகையைத்தான் சொன்னார்.

ரயில் நிலைய வாசலில் மஞ்சள் பெட்டி. காசு போடும் துவாரத்தைத் தேடினேன், இல்லை. கதவைத் திறந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். கையில் எடுத்தால் நல்ல கனம், நாலு பகுதிகள். வாடகை விளம்பரங்கள் மட்டும் பக்கம் பக்கமாக, எறும்பு ஊர்வதுபோல. பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டு பொதுத் தொலைபேசிக்கு ஓடினேன். முதல் மூன்று வீடும் போய்விட்டன. நாலாவது சிகாகோவின் ரோஜர்ஸ் பார்க் பகுதியில். 'ஹீட் இன்க்ளூடட்' என்று போட்டிருந்தது. அதன் அருமை ஜனவரியில்தான் புரிந்தது: வீட்டைச் சூடாக்கும் செலவு வீட்டுக்காரருடையது. ஜன்னலுக்குக் கீழே, அறையைச் சூடாக்க, வெள்ளை பெயின்ட் அடித்த இரும்பு ரேடியேட்டர். ராத்திரியில் டக் டக் என்று சத்தம் போடும். ஈரக் காலுறைகள் காய்வதும் அதன் மேல்தான்.

வேலை கிடைத்த பிறகும் அந்த வீட்டை விடவில்லை. 2005 குளிர்காலத்தில் அதே ரேடியேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து ரீடரில் அதன் நிருபர் ஜான் கான்ராய் எழுதிய கட்டுரை ஒன்றைப் படித்தேன். ஜான் பர்ஜ் என்ற போலீஸ் அதிகாரியும் அவர் கீழ் இருந்தவர்களும் பிடித்து வந்தவர்களுக்கு மின்சாரம் பாய்ச்சிய கதை. கான்ராய் இதை 1990 ஜனவரியிலேயே தொடங்கிவிட்டார் என்று தெரிந்ததும், ஹெரால்ட் வாஷிங்டன் நூலகத்துக்குப் போய் அந்தப் பழைய இதழைத் தேடிப் பிடித்தேன்.

1982இல் இரண்டு போலீஸ்காரர்களைச் சுட்டுக் கொன்ற வழக்கில் பிடிபட்டவர் ஆண்ட்ரூ வில்சன். விசாரணையில் தன்னைச் சுடுகிற ரேடியேட்டரோடு சேர்த்து அழுத்தினார்கள் என்று அவர் சொன்னார். உடம்பில் தீக்காயம் இருந்தது. போலீஸ் மேல் அவர் தொடுத்த வழக்கு நடந்தபோது கான்ராய் கோர்ட்டில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். போலீஸைக் கொன்றவனுக்கு நடந்த கொடுமையை யார் படிப்பார்கள் என்று யோசிக்காமல், முழு நீளத்துக்கும் இடம் கொடுத்தது இந்த இலவசப் பத்திரிகை. அன்று வீட்டுக்கு வந்து ரேடியேட்டர் மேல் கிடந்த துணியை எடுக்கக் கை நீட்டினேன். சூடு பட்டதும் கையை இழுத்துக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே நின்றேன்.

உங்களுக்கு ரீடரோடு என்ன அனுபவம்? எழுதுங்கள்.

பழைய லாரி ஆள்

தம்பி, அந்தக் கனத்தைச் சுமந்தவன் நான். 90களில் இரண்டு குளிர்காலம், விநியோக வண்டியில் பகுதிநேர உதவியாள். கட்டைப் பிரித்துப் பெட்டியில் அடுக்கணும். அதற்கு முன்னால் போன வார மிச்சத்தை எண்ணிச் சொல்லணும். உறை பனியில் கதவு ஒட்டிக்கொள்ளும், முழங்கையால் இடித்துத் திறப்போம். மை கையுறையைத் தாண்டி விரலில் ஏறிவிடும். சில இடங்களில் எங்கள் வண்டிக்காக ஆட்கள் காத்து நிற்பார்கள், எல்லாம் உன்னைப்போல வீடு தேடுகிறவர்கள்.

ரீடர், 1971 அக்டோபரில் கார்ல்டன் கல்லூரி நண்பர்கள் சிலர் சேர்ந்து 16 பக்கத்தில் ஆரம்பித்தது. வாசகரிடம் காசு கிடையாது. வாடகை, வேலை, துணை தேடும் விளம்பரங்கள்தான் சோறு போட்டன. கான்ராய் மாதக்கணக்கில் ஒரே விஷயத்தைத் தோண்ட முடிந்ததும் அந்தப் பணத்தில்தான். கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற விளம்பர இணையதளம் வந்து அவ்வளவையும் இணையத்துக்கு இழுத்துக்கொண்டது. 2007இல் பத்திரிகை கை மாறியது. அந்த டிசம்பரிலேயே கான்ராயையும் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறாத விஷயம் அது.

2018இல் ஒரே ஒரு டாலருக்கு விற்றார்கள். 2020இல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றானது, 2024இல் மறுபடி வாராவாரம். 2025இல் சியாட்டிலின் 'தி ஸ்ட்ரேஞ்சர்' பத்திரிகையை நடத்துகிற நிறுவனத்திடம் போயிருக்கிறது. பெட்டியைப் பார்த்தால் இப்போதும் திறந்து பார்த்துவிட்டுத்தான் நகர்வேன்.

எவன்ஸ்டன் மீனா

அண்ணே, நீங்கள் அடுக்கிய பெட்டியில் என் அம்மாவும் எடுத்திருப்பார். 1998இல் திருநெல்வேலியிலிருந்து பிரசவம் பார்க்க வந்திருந்தார். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிப்பார். இலவசம் என்று எத்தனை தடவை சொன்னாலும் நம்பவில்லை. "இவ்வளவு தாளை யாராவது சும்மா கொடுப்பாகளா?" என்று ஒரு கால் டாலரைப் பெட்டி மேல் வைத்துவிட்டுத்தான் எடுப்பார். குழந்தையைக் குளிப்பாட்டும் துண்டுக்குக் கீழே விரிக்கக்கூட அந்தத் தாளைத் தரமாட்டார்; அடுக்கி வைப்பார்.

ரோஜர்ஸ் பார்க் வாசி

அக்கா, அந்தக் கால் டாலரைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. பர்ஜ் 1993இல் வேலையிழந்தார். சித்திரவதை பற்றிப் பொய்ச் சாட்சியம் சொன்னதற்காக 2010இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, நாலரை வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது. 2015இல் நகர மன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 55 லட்சம் டாலர் இழப்பீடு ஒதுக்கியது. நகரத்தின் அரசுப் பள்ளிகளில் எட்டாம், பத்தாம் வகுப்பில் இதைப் பாடமாக நடத்த வேண்டும் என்றும் சேர்த்து முடிவானது.

என் மகள் எட்டாவது படிக்கும்போது ஒருநாள் புத்தகப் பையை இறக்கி வைத்துவிட்டு, "அப்பா, ஜான் பர்ஜ்னா யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். அலமாரியின் மேல்தட்டிலிருந்து 2005 இதழை இறக்கினேன். தாள் பழுத்து, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது. சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்து, ராத்திரி பதினோரு மணி வரை இரண்டு பேரும் படித்தோம்.