மாணவர்களிடம் உண்மையை வரவழைக்க ஒரு வினாத்தாள்: யோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். ஒரு மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவத் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். படிப்பில் நடக்கும் முறைகேடுகளை எம்பிபிஎஸ் மாணவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள், சக மாணவர் செய்தால் புகார் கொடுப்பார்களா என்று அறிய ஒரு வினாத்தாள் தயாரித்து வருகிறேன்.

தேர்வில் பிட் அடிப்பது தவறு என்று எல்லோரும் எழுதிவிடுவார்கள். அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. வகுப்புக்கு வராத நண்பனுக்காக வருகைப் பதிவின்போது குரல் கொடுப்பது, தொட்டே பார்க்காத நோயாளியின் ரத்த அழுத்தத்தை 120/80 என்று கேஸ் ஷீட்டில் நிரப்புவது போன்றவற்றில்தான் சிக்கல். இரண்டாவதைப் பலர் தவறாகவே நினைப்பதில்லை. எனக்கோ அது பிட்டைவிட மோசமானது. 2019 பாடத்திட்டத்தில் மருத்துவ அறத்துக்குத் தனி வகுப்புகள் வந்துவிட்டன. ஆனாலும் விடுதியில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவன்மீது யார் புகார் எழுதுவார்கள்?

நேரடியாகக் கேட்டால் உண்மை வராது. அதனால் நாணயம் சுண்டும் முறையை யோசிக்கிறேன். தலை விழுந்தால் 'ஆம்' என்றே எழுத வேண்டும். பூ விழுந்தால் உண்மையை எழுத வேண்டும். 'ஆம்' என்பது நாணயத்தால் வந்ததா உண்மையா என்று தெரியாததால் தனி ஆளின் ரகசியம் வெளியே வராது. சுமார் பாதிப் பேருக்குத் தலை விழும் என்பதால் அதைக் கழித்து, மொத்த விகிதத்தை மட்டும் கணக்கிட்டுவிடலாம். 150 பேர் உள்ள வகுப்பில் இப்படிக் கிடைக்கும் விகிதத்தை நம்பலாமா? புள்ளியியல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெயர் சொல்லாமல் புகார் கொடுக்கும் வசதி உங்கள் கல்லூரியில் உண்மையிலேயே இயங்குகிறதா என்பதையும் தெரிவியுங்கள். கல்லூரியின் பெயர் வேண்டாம். பயிற்சி மருத்துவர்கள் யாராவது வினாத்தாளைப் படித்துப் பார்த்துத் திருத்தம் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.