2024: என் வரிசையில் வாழைக்கு அடுத்துதான் மெய்யழகன்

முதலிடம் எதற்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2024ல் நான் பார்த்த தமிழ்ப் படங்களில் எனக்கு முதல் படம் வாழை. மெய்யழகன் இரண்டாவது. நீடாமங்கலம் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள் இப்படிச் சொன்னால் சும்மா விடுவார்களா? "நம்ம ஊர் பேரைச் சொல்லி வந்த படத்தைப் போய் ரெண்டாவதா வைக்கிறீங்களே அண்ணி" என்று நாத்தனார் இன்னும் குறைப்பட்டுக்கொண்டிருக்கிறாள். அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கதையும் முடிவும் இடையில் வரும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

மெய்யழகன் செப்டம்பர் 27 அன்று வந்தது. அந்த வாரமே குடும்பத்தோடு தஞ்சாவூர் போய்ப் பார்த்தோம். 1996ல் சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டுக் கிளம்பும் குடும்பம். 22 வருஷம் கழித்துத் தங்கை கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வரும் அருள்மொழி. அங்கே "அத்தான், அத்தான்" என்று ஒட்டிக்கொள்ளும், பேர் தெரியாத ஓர் உறவுக்காரன். கதை அவ்வளவுதான். நீடாமங்கலம் என்று பேர் வந்ததும் தியேட்டரில் விசில். எங்களுக்கு நீடாமங்கலம் என்றாலே ரயில்வே கேட்தான். ஒரு சரக்கு ரயில் குறுக்கே வந்துவிட்டால் பஸ், ஆம்புலன்ஸ், மாப்பிள்ளை கார் எல்லாம் வரிசையில் நிற்கவேண்டியதுதான். அந்த ஊருக்குப் பெரிய திரையில் விசில் விழுந்தது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மணமேடையில் அண்ணன் குனிந்து தங்கை காலில் நகையை மாட்டிவிடும் இடத்தில் நாத்தனார் விசும்ப ஆரம்பித்தாள். என் வீட்டுக்காரர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. திரும்பினால் அவரும் அழுதிருப்பார். ஆனால் அன்றைக்கு நான் அதிகம் கவனித்தது மாமனாரைத்தான். வீட்டைக் காலி செய்யும் இரவு திரையில் ஓடும்போது, முன் சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். படம் முடிந்து வெளியே வந்தும் பேச்சில்லை. திரும்பி வரும்போது அம்மாப்பேட்டை தாண்டியதும் தானாகவே ஆரம்பித்தார். அவருடைய பூர்வீக வீட்டைப் பாகம் பிரித்தபோது முற்றத்துக்கு நடுவில் சுவர் எழுப்பினார்களாம். கிணறு சித்தப்பா பக்கம் போய்விட்டதாம். "எங்க அம்மா பொறந்ததுல இருந்து எறைச்ச கெணறு இல்லதான். ஆனா வந்த நாள்ல இருந்து எறைச்ச கெணறு. மறுநாள் காலைல கொடத்தை எடுத்துக்கிட்டு தெருக்குழாய்க்குப் போனாங்க." இத்தனை வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறேன், இந்தக் கதை என் காதில் விழுந்ததே இல்லை. என் வீட்டுக்காரருக்கும் தெரியாது.

ஒரு படம் வீட்டில் பூட்டி வைத்த பேச்சைத் திறந்துவிட்டால் அதைப் பெரிய படம் என்றுதான் நான் சொல்வேன். ரிலீஸ் ஆன பிறகு நீளம் என்று சொல்லி 18 நிமிடம் போல வெட்டினார்கள். நாங்கள் பார்த்தது வெட்டாத படம். வெட்டியிருக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. எங்கள் பக்கம் உறவுக்காரர் வீட்டில் ராத் தங்கினால் அப்படித்தான் இருக்கும். சாப்பிட்டு இலை எடுத்த பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கும். சோழனில் தொடங்கி, மாட்டுக்கு வந்து, செத்துப்போன பெரியப்பாவில் நிற்கும். அந்தச் சுற்றல்தான் அந்த இரவு. இயக்குநர் பிரேம்குமார் அதைத் தைரியமாக எழுதியிருந்தார். கார்த்தியும் அரவிந்த்சாமியும் அதை அலுக்காமல் தாங்கினார்கள்.

சரி, அப்புறம் ஏன் இரண்டாவது?

அது என் புகுந்த வீட்டு டெல்டா. பூர்வீக வீடு, பங்காளிச் சண்டை, கல்யாண மண்டபம், ஊரைவிட்டுப் போனவரின் ஏக்கம் எல்லாம் உண்மை, எல்லாம் அழகு. ஆனால் விட்டுப் போவதற்கு ஒரு வீடாவது இருந்தவர்களின் டெல்டா அது. என் அம்மா கீழ்வேளூர் பக்கம். அஞ்சாம் வகுப்போடு நிறுத்திவிட்டு நாற்றுப் பறிக்கப் போனவர். முழங்கால் விட்டுப்போகும் வரை நடவுக்குப் போனார். அம்மாவின் டெல்டாவை நான் பார்த்தது தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணிக் கரையில் நடக்கும் ஒரு படத்தில்.

வாழை ஆகஸ்ட் 23 அன்று வந்தது. அந்த வருஷம் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12ல் திறக்கவில்லை. ஜூலை 28ல்தான் திறந்தார்கள். தண்ணீர் வந்து, சம்பாவுக்கு உழவு ஓடிக்கொண்டிருந்த நேரம். அப்போது அம்மா எங்கள் வீட்டில் இருந்தார். மன்னார்குடியில் மேட்னி ஷோவுக்கு நானும் அம்மாவும் மட்டும் போனோம். மாரி செல்வராஜ் தன் சின்ன வயதில் நடந்ததை எடுத்திருக்கிறார் என்று மட்டும் சொல்லிக் கூட்டிப்போனேன்.

பையன் சிவனைந்தான் லீவு நாளில் வாழைத்தார் சுமக்கப் போக மாட்டேன் என்று படுத்துப் புரள்வான். பள்ளிக்கூடம் திறக்காதா என்று ஏங்குவான். தியேட்டரில் அந்த இடத்துக்குச் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. சேற்றில் வரிசையாகத் தார் தூக்கிப் போகும் காட்சி வந்ததும் என் தொடையைத் தட்டி, "கழுத்தைப் பாரு, கழுத்தைப் பாரு" என்றார். நானும் அதற்குப் பிறகு கழுத்தைத்தான் பார்த்தேன். முகம் பக்கவாட்டில் திரும்பாது. யாராவது கூப்பிட்டால் உடம்பே சேர்ந்துதான் திரும்பும். நாற்றுமுடி சுமந்தால் அப்படித்தானாம். தலையில் சும்மாடு இருந்தாலும் முடியிலிருந்து ஒழுகும் சேற்றுத்தண்ணீர் பிடரி வழியாக இறங்கி முதுகெல்லாம் ஓடும். சாயங்காலம் வரை அந்த ஈரம் காயாது. "மார்கழி வரைக்கும் நடவு இழுத்தா குளிர்ல பல்லு கிட்டிக்கும்" என்றார். பின் சீட்டுக்காரர் சத்தமாக உச்சுக்கொட்டினார். அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார், ஆனால் நிறுத்தவில்லை.

தாருக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்பார்கள் இல்லையா, அந்தக் காட்சியில்தான் நிறுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்களுக்கு அரைப்படி, இவங்களுக்கு ஒரு ரூவா" என்று மட்டும் சொன்னார். இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட காலம் அது. கீழ்வேளூருக்குப் பக்கத்தில்தான் கீழவெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி கேட்டுச் சங்கமாக நின்றவர்களின் குடும்பங்கள் ஒரு குடிசைக்குள் ஒடுங்கியிருந்தபோது பண்ணையார்களின் ஆட்கள் தீ வைத்தார்கள். 44 பேர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அம்மா அப்போது சின்னப் பிள்ளை. ஆனால் அந்த ராத்திரி யார் வீட்டில் யார் ஓடிவந்து ஒளிந்தார்கள் என்பதெல்லாம் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர். வாழையில் கூலி ஏறும், ஆனால் வேறு வழியில் அதைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஆளுக்குத் தனி வண்டி கிடையாது, லாரியில் தாருக்கு மேலேயே உட்கார்ந்து வரவேண்டும் என்று ஆகும். அந்த லாரிதான் கவிழும். ஒரு ரூபாய்க்கும் அந்த விபத்துக்கும் நடுவில் மாரி செல்வராஜ் போட்டிருக்கும் கோடு இவ்வளவு நேரானது. வசனம் பேசி விளக்கவே இல்லை. கடைசியில் பசி தாங்காமல் பையன் சோற்றில் கை வைக்கும் இடத்தில் அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

படத்தைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. டீச்சர் மேல் பையனுக்கு இருக்கும் பிரியத்தை இன்னும் சுருக்கியிருக்கலாம். பாட்டோடு வரும் இடங்கள் நடுவில் கொஞ்சம் இழுத்தன. இருந்தும் முதலிடம் அதற்குத்தான்.

ஏனென்றால் புரட்டாசியில் நடவு தொடங்கியதும் ரோட்டில் என் கண் போகும் இடம் மாறிவிட்டது. காலையில் நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது குட்டியானை என்று நாங்கள் சொல்லும் சின்ன லோடு வண்டி ஒன்று நடவு ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். பெண்கள் நின்றுகொண்டேதான் வருவார்கள். புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் துண்டு, ஒரு கையில் தூக்கு, இன்னொரு கை வண்டியின் கம்பியிலோ பக்கத்து ஆளின் தோளிலோ. வளைவில் எல்லாரும் ஒரே பக்கம் சாய்வார்கள். தினமும் பார்த்ததுதான். வாழைக்குப் பிறகு அந்த வண்டி வளைவைத் தாண்டும் வரை நான் பார்வையை எடுப்பதில்லை. அந்த ஆட்களைச் சேர்த்து அழைத்துப்போகும் அக்கா அம்மாவுக்குப் பழக்கம். அம்மா சொல்லி, படம் ஓடிடிக்கு வந்த பிறகு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனில் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்து முடித்தார்களாம். அதற்குப் பிறகு இரண்டு நடையாக ஏற்றச் சொல்லி வண்டிக்காரரோடு சண்டை போட்டிருக்கிறார் அந்த அக்கா. டீசல் காசு யார் தருவது என்று அவர் கேட்டிருக்கிறார். அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை.

மூன்றாவது கொட்டுக்காளி. வாழை வந்த அதே நாளில் வந்ததுதான் அதன் கெட்ட நேரம். பி.எஸ். வினோத்ராஜ் பின்னணி இசையே இல்லாமல் எடுத்திருந்தார். நாங்கள் பார்த்த தியேட்டரில் கொஞ்சம் பேர்தான். பாதிப் பேர் சவுண்டு வேலை செய்யவில்லை என்று நினைத்து ஆபரேட்டரைக் கூப்பிட்டார்கள். எனக்கு அந்த அமைதிதான் படம். ஷேர் ஆட்டோ சத்தம், கட்டிவைத்த சேவல், ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருக்கும் அன்னா பென். பேய் பிடித்ததாகச் சொல்லி ஒரு பெண்ணைப் பேய் ஓட்டக் கூட்டிப்போவது எங்கள் சொந்தத்திலும் நடந்திருக்கிறது, அதற்கு மேல் அதை எழுத எனக்கு உரிமையில்லை. ஆம்பளைகள் எல்லாரும் ஒதுங்கி நிற்க, வழிமறித்த காளையை ஒரு சின்னப் பெண் சாதாரணமாகக் கூட்டிக்கொண்டு போகும் காட்சிக்காகவே இன்னொரு முறை பார்க்கலாம். அடுத்த வாரம் போனால் படத்தை எடுத்துவிட்டார்கள்.

நான்காவது லப்பர் பந்து. நாத்தனார் பையன் கூட்டாளிகளோடு திரும்பத் திரும்பப் பார்த்த படம். மேட்டூர் திறக்கும் வரை வெண்ணாற்று மணலில் ஆடி, தண்ணீர் வந்ததும் இடமில்லாமல் தவிக்கும் பிள்ளைகள் இவர்கள். ஸ்வாசிகா டிராக்டரை ஓட்டி வந்து பிட்சையே உழுதுபோடும் காட்சியில் இவன் அலறினான். நான் கைதட்டினேன். "நீ பொட்டு வச்ச தங்கக் குடம்" ஒலித்தபோது தியேட்டரே எழுந்து நின்றது. விஜயகாந்த் 2023 டிசம்பர் 28ல் போனபோது எங்கள் தெருவில் வைத்த பேனர் அப்போதும் முழுசாக இருந்தது. சாதி பார்த்து ஒருவனை டீமில் சேர்க்காமல் வைப்பதை இவ்வளவு கலகலப்பான படத்துக்குள் கொண்டுவந்த தமிழரசன் பச்சமுத்துவை நிறையப் பாராட்ட வேண்டும். அந்தப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து அதைப் பற்றித்தான் பேசினார்கள். பேசியவர்கள் எல்லாரும் ஒரே தெருவில்லை.

ஐந்தாவது மகாராஜா. திரைக்கதையில் அந்த வருஷத்தின் கெட்டிக்காரப் படம். முடிச்சு அவிழும்போது நெஞ்சு அடைத்தது. ஆனால் அந்தக் கொடுமையை மறுபடி பார்க்கத் தெம்பில்லை. அமரனை சாய் பல்லவிக்காக ஆறாவதாக வைக்கிறேன். தீபாவளிக்குப் பிறகு புயல் மழை வந்து, முங்கிய சம்பாவைப் பார்க்கத்தான் எல்லாரும் ஓடினோம். அந்தச் சமயத்தில் வந்த படங்கள் எதையும் நான் பார்க்கவில்லை.

விடுதலை இரண்டாம் பாகம் டிசம்பர் 20ல் வந்தது, முதல் வாரமே பார்த்துவிட்டேன். பெருமாள் வாத்தியாரின் பழைய கதை வரும் பகுதி வாழைக்கே போட்டி. பேச்சு மட்டும் மூச்சுவிட இடம் கொடுக்காமல் ஓடியது, பல வசனங்களை நான் தவறவிட்டேன். அதனால் வரிசையில் இன்னும் சேர்க்கவில்லை. பண்ணை, சங்கம், கூலி என்று படம் பேசும் விஷயத்தில் என்னைவிட அம்மாவுக்குத்தான் நிறையத் தெரியும். கீழ்வேளூரிலிருந்து அவர் வந்ததும் கூட்டிக்கொண்டு போய் மறுபடி பார்க்கப்போகிறேன். நாத்தனாரும் வருகிறேன் என்றிருக்கிறாள்.