சி டிரைவ் நிரம்பி குரோம் திணறுது, வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. திருமங்கலத்துல ஒரு ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர். விண்டோஸ் 10, 8 ஜிபி ரேம், 128 ஜிபி எஸ்எஸ்டி. சி டிரைவ்ல 2 ஜிபிகூட மிச்சமில்லை. பிடிஎஃப் டவுன்லோடு பாதியில நின்னுடுது. அட்மிஷன் நேரம், பிள்ளைங்க காத்துக் கிடக்குறாங்க.

டிஸ்க் கிளீனப்ல சிஸ்டம் ஃபைல்களையும் சேர்த்து அழிச்சாச்சு. ஹைபர்நேட்டை (ரேம்ல இருக்கிறதை டிஸ்க்ல எழுதிட்டு அணையுற வசதி) நிறுத்தினதுல 3 ஜிபி போல கிடைச்சது. கிடைச்ச இடம் எதுவும் நிக்கல.

இடத்தை அடைக்கிறது குரோமோட யூசர் டேட்டா ஃபோல்டர் (ப்ரொஃபைல், தள டேட்டா எல்லாம் இருக்கிற இடம்). அதுல சர்வீஸ் வொர்க்கர் கேஷ், அதாவது தளங்கள் பின்னணியில சேமிச்சு வைக்கிற ஃபைல்கள் மட்டும் 9 ஜிபி. கேஷ் படங்கள், ஃபைல்களை மட்டும் டிக் போட்டு அழிச்சா இது குறையாது. இது குக்கீ, தள டேட்டா கணக்குல வருது. அதை மொத்தமா அழிச்சா எல்லா லாகினும் போயிடும். அதனால செட்டிங்ஸ்ல தளங்களை அளவு வாரியா வரிசைப்படுத்தி, பெருசா இருக்கிறதை மட்டும் அழிக்கிறோம். திரும்ப ஊறிடுது.

டி டிரைவ் 1 டிபி ஹார்டு டிஸ்க், காலியாத்தான் இருக்கு. யூசர் டேட்டாவை அங்க மாத்தணும். ஷார்ட்கட்ல பாதை கொடுத்தா, மெயில்ல வர்ற லிங்க் பழைய ப்ரொஃபைல்லயே திறக்கும், அது சரிப்படாது. ஜங்ஷன் (பழைய ஃபோல்டர் பாதையை புது இடத்துக்குத் திருப்பி விடுறது) போட்டவங்க இருக்கீங்களா? குரோம் அப்டேட்டுக்குப் பிறகும் நிக்குதா, வேகம் ரொம்ப அடிபடுதா? இல்ல, 256 ஜிபி எஸ்எஸ்டிக்கு எல்லாத்தையும் அப்படியே க்ளோன் (நகல்) பண்றதே மேலா? மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் எஸ்எஸ்டி இப்ப என்ன விலைன்னும் சொல்லுங்க.