மகனுக்கு ஏ.டி.எச்.டி., பாறசாலைப் பக்கம் யாராவது வழி சொல்லுங்கள்

அக்காமார், அண்ணன்மாரே, கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் பாறசாலையில் இருக்கிறோம். எட்டு வயது மகனுக்கு ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் நிற்காமல் ஓயாமல் துறுதுறுவென்றிருக்கிற குறைபாடு என்று உறுதிசெய்து, அதற்கு மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து எழுதியிருக்கிறார்கள். பரம்பரையாகவும் வரலாம் என்று டாக்டர் சொன்னதும் எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது, தாத்தா மாதிரியே மூழ்கிய கப்பலில் முங்கி இரும்பு எடுக்கிற வேலை அவருக்கு, வீட்டில் பத்து நிமிடம் உட்காரமாட்டார், தண்ணீருக்குள் போனால் மட்டும் அப்படியொரு நிதானம். இவனும் அப்படித்தான். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் பற்றி, 640 கன்டெய்னர் வரை, மூச்சுவிடாமல் சொல்வான், நாலு வரி வீட்டுப்பாடத்துக்கோ இரண்டு மணி நேரம். சரி, கேள்விக்கு வருகிறேன். மருந்து தொடங்கியதிலிருந்து மத்தியானம் பசியே இல்லை, டிபன் அப்படியே திரும்பி வருகிறது, நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? அப்புறம், நெய்யாற்றின்கரை, மார்த்தாண்டம் பக்கம் பெற்றோருக்குத் தமிழில் பயிற்சி தருபவர்கள் உண்டா?