பல மொழிக்காரர் சேர்ந்து வேலை செய்யும் இடம்: பேச்சு எங்கே தடுக்குகிறது?

காரைக்குடி, அலுவலகப் பணி:

கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது வெளிநாட்டுக் கட்டடக் கலைஞர் வரைபடம் தருகிறார், நம்மூர்க் கொத்தனார் கட்டுகிறார், வங்காளத்து ஆள் கலவை போடுகிறார். மரபு விடுதிகளில் விருந்தினர் ஒரு மொழி, சமையல்கட்டு ஒரு மொழி. வீட்டு மாடியில் உட்கார்ந்து ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் வேலை பார்க்கிறவர்களும் இங்கே உண்டு. எங்கும் முதலில் வரும் உத்தரவு "எல்லாரும் ஆங்கிலத்தில் பேசுங்கள்" என்பதுதான். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த இருவருக்குள்ளேயே பேச்சு தவறும் இடங்கள் இருப்பதால் அந்த உத்தரவு மட்டும் போதாது. அவரவர் துறையில் எது தவறுகிறது, ஏன் தவறுகிறது, எப்படித் தடுக்கலாம் என்பதை எழுதுங்கள். சொந்தக் கதை வேண்டாம்.

அலுவலகப் பக்கத்திலிருந்து நான் தொடங்குகிறேன். அதிகம் கெடுப்பது எதிர்மறைக் கேள்வி. "கோப்பு இன்னும் வரலையா?" என்று கேட்டால், வரவில்லை என்பதற்குத் தமிழில் "ஆமா" என்போம். ஜப்பானியரும் அப்படியே "ஹாய்" என்பார். ஆங்கிலக்காரருக்கோ "எஸ்" என்றால் வந்துவிட்டது. "கோப்பு வந்ததா?" என்று நேராகக் கேட்டால் இந்தச் சிக்கலே இல்லை. இன்னொன்று: ஜப்பானியர் பேச்சின் நடுவே சொல்லும் "ஹாய்" பெரும்பாலும் "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்பதுதான். அதைச் சம்மதமாக எடுத்து வேலையைத் தொடங்கிவிடக் கூடாது.

அடுத்தது "நாம்", "நாங்கள்". நமக்கு இரண்டு சொல் உண்டு, ஆங்கிலத்தில் ஒன்றுதான். "வி வில் செக்" என்று மின்னஞ்சல் வந்தால் பார்க்கப்போவது அவர்களா, நாமும் சேர்ந்தா என்பது தெரியாது. இரு பக்கமும் சும்மா இருந்து ஒரு வாரம் போய்விடும். யார் செய்வது என்று பெயர் போட்டுத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள்.

எண்ணும் தேதியும் தனிப் பாடம். 03/04 அமெரிக்காவில் மார்ச் 4, நமக்கு ஏப்ரல் 3. 2025-03-04 என்று ஆண்டை முன்னால் போட்டால் குழப்பம் வராது. ஜெர்மன்காரர் 1.500 என்று எழுதினால் ஆயிரத்து ஐந்நூறு. நாம் அதை ஒன்றரை என்று படிப்போம். அங்கே தசமத்துக்குக் கமா போடுவதால், நாம் அனுப்பும் சிஎஸ்வி கோப்பு (பத்திகளைக் கமாவால் பிரிக்கும் அட்டவணைக் கோப்பு) அவர்கள் எக்ஸெலில் ஒரே பத்தியாகக் குவிந்து திறக்கும். பிரிப்புக்கு அரைப்புள்ளி வைத்து அனுப்ப வேண்டும். ஜெர்மனில் "ஹால்ப் ஆக்ட்" என்றால் எட்டரை இல்லை, ஏழரை. லட்சம், கோடி எழுதவே வேண்டாம். 15,00,000 என்ற நம் கமாவும் அவர்களுக்குப் பிழையாகத் தெரியும்.

பள்ளத்தூர், கட்டட மேற்பார்வை:

அண்ணே, தளத்தில் இதைவிட நேரடியாக அடி விழும். வரைபடம் மில்லிமீட்டரில் வருகிறது. நம் தச்சர் கணக்கு அடி, இஞ்ச், நூல். இந்திக்காரர் அதே நூலைச் "சூத்" என்பார். இரண்டும் ஒன்றுதான்: இஞ்சுக்கு எட்டு நூல், ஒரு நூல் 3.175 மி.மீ. பத்து மில்லியை "மூணு நூல்" என்று சொல்லிவிட்டால் அரை மில்லி போலக் குறையும். ஒரு துண்டில் தெரியாது. இருபது துண்டு வரிசையாக வந்தால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்.

ஆத்தங்குடித் தரைக் கல்லில் இது பெரிதாகும். பத்து இஞ்சுக் கல் என்றால் 254 மி.மீ. வரைபடத்தில் 25 செ.மீ. என்று முழுமையாக்கிப் போட்டிருப்பார்கள். 40 கல் வரிசைக்கு 160 மி.மீ., ஆறு இஞ்சுக்கு மேல் வித்தியாசம். பூவேலைக் கரை சுவரில் போய் வெட்டுப்படும். வரைபடம் வரைவதற்கு முன்பே பட்டறையிலிருந்து நாலு கல் வாங்கி அளந்து, அந்த அளவைக் கட்டடக் கலைஞருக்கு அனுப்புவதுதான் வழி. வேலை தொடங்கும்போது ஒரு அலகை முடிவு செய்து, அது மட்டும் உள்ள டேப் எல்லாருக்கும் கொடுங்கள். இரண்டு அலகும் உள்ள டேப் கையில் இருந்தால் ஆளுக்கு ஒரு பக்கம் படிப்பார்கள்.

நாள் சொல்வதிலும் கவனம் வேண்டும். இந்தியில் "கல்" என்றால் நேற்றும்தான், நாளையும்தான். வங்காளத்தில் "கால்", அதுவும் அப்படியே. தமிழ் ஆளுக்கோ காதில் விழுவது செங்கல். "கல் ஆயேகா" என்றால் லோடு வருகிறது என்று நினைத்து இடம் ஒதுக்கி நிற்பார். கிழமையும் தேதியும் பலகையில் எழுதுங்கள். கலவை விகிதமும் வாயால் சொல்லக் கூடாது: "டேட்" ஒன்றரை, "டாயி" இரண்டரை, பழகாத காதுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஒரு பாண்டுக்கு (கலவை அள்ளும் சட்டி) எத்தனை பாண்டு என்பதைப் பாண்டுப் படமாகவே வரைந்து மாட்டுவது நல்லது. அரை என்றால் பாண்டின் உள்ளே கோடு போட்டுக் காட்ட வேண்டும்.

சுண்ணாம்பில்தான் பயம் அதிகம். "சூனா (இந்தியில் சுண்ணாம்பு) கொண்டு வா" என்றால் நீற்றியதா, நீற்றாததா? நீற்றாத கல்லில் தண்ணீர் பட்டால் கொதிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். மூட்டையில் ஹைட்ரேட்டட், ஹைட்ராலிக் என்று இரண்டு சொல் வரும். முதலாவது நீற்றிய சாதாரணச் சுண்ணாம்பு, காற்றுப்பட்டு மெல்ல இறுகுவது. இரண்டாவது தண்ணீர் சேர்ந்தாலே இறுகுவது, ஈரத்திலும் நிற்கும். மாற்றிப் போட்டால் பழைய காரைச் சுவரோடு புதுப் பூச்சு ஒட்டாமல் பெயரலாம். நீற்றாததற்குச் சிவப்பு, நீற்றியதற்கு வெள்ளை, ஹைட்ராலிக்குக்கு நீலம் என்று மூட்டையில் துணி கட்டி வைத்தால், எழுத்துத் தெரியாதவரும் துணியைப் பார்த்து எடுப்பார். மூன்றும் மூன்று இடத்தில் இருக்கட்டும்.

"நில்லு" என்பதற்கு மட்டும் தளம் முழுக்க ஒரே சொல் போதும். "ஸ்டாப்" பெரும்பாலும் எல்லா மொழிக்காரருக்கும் தெரியும். இரண்டு கையும் தலைக்கு மேல் குறுக்கே வைப்பது அதற்கான சைகை என்று முதல் நாளே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

கானாடுகாத்தான், விடுதிச் சமையல்கட்டு:

எங்களுக்கு ஒவ்வாமைதான் பெரிய விஷயம். ஐரோப்பாவில் ஒவ்வாமை தரும் 14 பொருள்கள் உணவில் இருந்தால் சொல்லியே ஆக வேண்டும் என்பது விதி. அதில் கடுகும் எள்ளும் உண்டு. தாளிதம், நல்லெண்ணெய் என்று நம் சமையல் முழுக்க அவைதான். பெருங்காயப் பொடியில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். கோதுமை ஆகாதவருக்குச் சாதமும் ரசமும் கொடுத்தால் பாதுகாப்பு என்று நினைப்பது அதனால்தான் தவறு.

"கடலை" என்ற சொல்லைச் சமையல்கட்டில் தனியாகச் சொல்லவே கூடாது ஆச்சி. நிலக்கடலை, கொண்டைக்கடலை, பொட்டுக்கடலை, கடலைப்பருப்பு, கடலை எண்ணெய், கடலை மாவு எல்லாமே கடலைதான். விருந்தினர் "பீநட்" என்று கேட்க, பரிமாறுகிறவர் "கடலை போட்டிருக்கா?" என்று உள்ளே கேட்க, சட்னியில் பொட்டுக்கடலை மட்டும் போட்டவர் "ஆமா" என்பார். அடுத்த நாள் வறுத்த எண்ணெய் கடலை எண்ணெய் என்பதை மறந்து "இல்லை" என்பார். இந்த இரண்டாவதுதான் ஆளை ஆபத்தில் விடும். 14 பொருளுக்கும் எண் கொடுத்து டப்பா, எண்ணெய் டின் எல்லாவற்றிலும் ஒட்டுங்கள். விருந்தினர் தன் மொழி அட்டையில் எண்ணைத் தொட்டுக் காட்டினால் போதும். தேங்காய் அந்தப் பட்டியலில் இல்லை. அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

"வெஜிடேரியன்" என்றால் அவர்களில் பலர் முட்டை சாப்பிடுவார்கள், நாம் சேர்க்க மாட்டோம். "ஆந்த்ரே" பிரெஞ்சுக்காரருக்கு முதலில் வரும் சிறு உணவு, அமெரிக்கருக்குச் சாப்பாட்டின் முக்கிய உணவு. குளியலறைக் குழாயில் C என்றிருந்தால் ஆங்கிலத்தில் குளிர்ந்தது, பிரெஞ்சிலும் இத்தாலியிலும் சூடு. சிவப்பு, நீலப் புள்ளி ஒட்டிவிடுங்கள்.

தேவகோட்டை, பழைய கணக்கு வாசிப்பவர்:

பினாங்கு, ரங்கூனில் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய கிட்டங்கிகளில் இதற்கு ஒரு முறை இருந்தது. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆட்கள். கடன் வாங்க வருகிறவரோடு பேச்சு அவர் மொழியில், பேரேடும் ஐந்தொகையும் (இருப்புநிலைக் கணக்கு) தமிழில். பேச எத்தனை மொழியானாலும், கணக்குப் பார்த்துச் சரி சொல்லும் ஏடு ஒரே மொழியில் இருந்தது. இன்றைக்கும் கூட்டம் எந்த மொழியில் நடந்தாலும் முடிவு எழுதும் தாள் ஒன்றாக இருக்கட்டும். பாத்திரத்தை மங்குச் சாமான் என்கிறோமே, மலாயில் "மங்குக்" என்றால் கிண்ணம். சேர்ந்து புழங்கினால் சொல் தானாக வந்து சேரும்; அதை அவசரப்படுத்த வேண்டாம்.

காரைக்குடி, அலுவலகப் பணி:

கைபேசி மொழிபெயர்ப்பு பற்றித் தனியாகக் கேட்டவர்களுக்கு: எழுவாயை விடாமல் சொல்லுங்கள். "வந்தாச்சு" என்றால் வந்தது யார் என்பதைக் கருவி தானாக ஊகித்துப் போட்டுவிடும். ஒரு வாக்கியத்தில் ஒரு வேலை மட்டும். வந்த மொழிபெயர்ப்பை அப்படியே தமிழுக்குத் திருப்பிப் பார்த்து, எண்ணும் "இல்லை"யும் மாறாமல் இருந்தால் அனுப்புங்கள். சொல்லி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்க வேண்டாம், யாரும் "இல்லை" என்று சொல்வதில்லை. "முதலில் எதை எடுப்பீங்க?" என்று கேளுங்கள், கையால் காட்டச் சொல்லுங்கள். நீற்றிய சுண்ணாம்பு கேட்டபோது சிவப்புத் துணி மூட்டைப் பக்கம் கை போனால் அந்த இடத்திலேயே நிறுத்தித் திரும்பச் சொல்ல நேரம் இருக்கும்.