எப்ஸ்டீனுக்கு 13 மாதம்: பணம் எதை வாங்கியது?

கயல்விழி:
சிறுமிகளைப் பாலியல் ரீதியாகச் சுரண்டிய அமெரிக்கப் பணக்காரர் ஜெஃப்ரி எப்ஸ்டீன் என்றாலே பேச்சு அவருடைய தீவுக்கும் விமானத்துக்கும் போய்விடுகிறது. நான் 2008-ஐப் பற்றி மட்டும் கேட்கிறேன். 2005 மார்ச்சில் ஃபுளோரிடாவின் பாம் பீச்சில் 14 வயதுப் பெண் ஒருத்தியின் வீட்டார் போலீசுக்குப் போனார்கள். போலீஸ் தோண்டத் தோண்ட, பல சிறுமிகள் ஒரே கதையைச் சொன்னார்கள்: மசாஜ் என்று எப்ஸ்டீன் வீட்டுக்கு அழைத்து, பாலியல் கொடுமை செய்து, கையில் பணம் கொடுத்து அனுப்பினார்கள் என்று. மத்திய அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் 2007-ல் 53 பக்கக் குற்றப்பத்திரிகை வரைவே தயாராக இருந்தது. அது கோர்ட்டுக்கு வரவில்லை. 2008 ஜூன் 30 அன்று மாநிலக் கோர்ட்டில் விபச்சாரம் தொடர்பான இரண்டு குற்றங்களை மட்டும் எப்ஸ்டீன் ஒப்புக்கொண்டார். தண்டனை 18 மாதம், உள்ளே இருந்தது சுமார் 13 மாதம். அதிலும் வாரத்தில் ஆறு நாள், ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வெளியே தன் ஆபீசில் இருக்க அனுமதி. காவலுக்கு வந்தவர்களின் சம்பளத்தைக் கட்டியதும் அவரே. கூலிக்காரன் ஒருவன் இதைச் செய்திருந்தால் இப்படி நடந்திருக்குமா?

வக்கீல் சோமு:
கோபம் நியாயம்தான் அம்மா. ஆனால் பணம் கொடுத்து அதிகாரிகளை வாங்கினார் என்று சொல்ல ஆதாரம் இல்லை. அமெரிக்க நீதித்துறையின் உள்விசாரணைப் பிரிவு 2020 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. அப்போதைய மத்திய அரசு வழக்கறிஞர் அலெக்சாண்டர் அகோஸ்டா மோசமாக முடிவெடுத்தார், ஆனால் தொழில்நெறியை மீறவில்லை என்பதுதான் அதன் முடிவு.

31 வருடம் செஷன்ஸ் கோர்ட்டில் நின்றவன் நான். வீட்டில் தெளிவாகப் பேசிய பெண், கூண்டில் ஏறியதும் வாயடைத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். பிறழ் சாட்சி ஆனவர்களையும் பார்த்திருக்கிறேன். இங்கே சிறுமிகள் சிலர் 200 டாலர், 300 டாலர் வாங்கியிருக்கிறார்கள், சிலர் தோழிகளையும் அழைத்துப் போயிருக்கிறார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் ஜூரியிடம் இதை வைத்தே விளையாடியிருப்பார். மொத்தமும் தோற்பதைவிடக் கொஞ்சமாவது கிடைக்கட்டும் என்று அரசுத் தரப்பு நினைப்பது புதிதல்ல. அமெரிக்க மத்திய கோர்ட்டுகளில் தண்டனை பெறுகிறவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் இப்படிக் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள்தான்.

தென்காசி செல்வம்:
சோமு சார், அந்த 200 டாலரைத்தானே அரசுத் தரப்பும் பிடித்துக்கொண்டது! 2006-ல் மாநில அரசு வழக்கறிஞர் பேரி கிரிஷர் வழக்கை கிராண்ட் ஜூரியிடம், அதாவது குற்றச்சாட்டு பதியலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழுவிடம், கொண்டுபோனார். அந்த நடவடிக்கைக் குறிப்புகள் 2024 ஜூலையில் வெளியாயின. நீ செய்வது குற்றம் என்று தெரியுமா என்று புகார் கொடுத்த சிறுமியையே கேட்டிருக்கிறார்கள். கேட்டது எதிர்த்தரப்பு வக்கீல் இல்லை, அவளுக்காக நிற்க வேண்டிய அரசு வக்கீல். அங்கிருந்து வெளிவந்தது ஒரே ஒரு குற்றச்சாட்டு, விபச்சாரத்துக்கு அழைத்தது. 14 வயதுக் குழந்தையை விபச்சாரி என்று எழுத எந்தச் சட்டம் சொன்னது?

பாம் பீச் போலீஸ் தலைவர் மைக்கேல் ரைட்டரை மறக்கக் கூடாது. கிரிஷரை வழக்கிலிருந்து விலகச் சொல்லிக் கடிதம் எழுதினார், அது பலிக்கவில்லை என்றதும் எஃப்.பி.ஐ.யிடம் போனார்.

கயல்விழி:
சோமு சார், லஞ்சம் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. பெட்டி கைமாறுவதைத் தேடினால் இந்த வழக்கில் ஒன்றும் கிடைக்காது. பணம் வேலை செய்தது வேறு விதமாக.

ஆலன் டெர்ஷோவிட்ஸ், பில் கிளிண்டனை விசாரித்த கென்னத் ஸ்டார், ராய் பிளாக் என்று பெரிய வக்கீல்களின் படையே எப்ஸ்டீன் பக்கம் நின்றது. அகோஸ்டாவே 2011-ல் எழுதிய கடிதத்தில் இதைச் சொல்கிறார்: தன் அலுவலகத்தின் மீது ஒரு வருடம் தாக்குதல் நடந்ததாம், வழக்கை நடத்தியவர்களையும் அவர்கள் குடும்பத்தையும்கூடத் துருவினார்களாம். ஏழை ஒருவனுக்காக அரசு வக்கீலின் குடும்பத்தை யாரும் துருவப்போவதில்லை.

அரசுத் தரப்புக்கும் எப்ஸ்டீனுக்கும் இடையே ஒப்பந்தம் 2007 செப்டம்பரில் கையெழுத்தானது. மாநிலக் கோர்ட்டில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டால், மத்திய அரசு வழக்குப் போடாது. கூட்டாளிகள் யாராக இருந்தாலும் அவர்கள் மீதும் போடாது. 2008 ஜனவரியில் பாதிக்கப்பட்ட பெண்களுக்குக் கடிதம் போகிறது: விசாரணை நடக்கிறது, நாளாகும், பொறுமையாக இருங்கள் என்று. நாலு மாதம் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது சார். சாட்சி பலவீனம் என்று அந்தப் பெண்களிடமே சொல்லியிருக்கலாமே? எதற்காக ஒளித்தார்கள்?

வக்கீல் சோமு:
அந்தக் கடிதத்துக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அது தப்பு. நம் நாட்டில் 2006-ல் குற்ற ஒப்புதல் பேரத்துக்கு வழி செய்தபோதே, பெண்களுக்கும் 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களை விலக்கி வைத்தார்கள். அது சரியான முடிவு என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் பணம் எல்லாவற்றையும் வாங்கிவிட்டது என்பதை ஏற்க முடியாது. 2019 ஜூலையில் நியூயார்க்கில் அதே மனிதரைக் கைது செய்தார்கள். கோடிகளைக் காட்டியும் நீதிபதி ரிச்சர்ட் பெர்மன் ஜாமீன் தரவில்லை. ஃபுளோரிடா ஒப்பந்தம் தன்னையும் காக்கும் என்று வாதாடிய அவருடைய கூட்டாளி கிஸ்லேன் மேக்ஸ்வெல்லுக்கு 2022-ல் 20 வருடம் கிடைத்தது.

தென்காசி செல்வம்:
அந்தக் கைது தானாக நடந்ததா சார்? 2018 நவம்பரில் மயாமி ஹெரால்ட் பத்திரிகையில் ஜூலி பிரவுன் இந்த ஒப்பந்தம் பற்றித் தொடர் எழுதினார். பெண்கள் முகம் காட்டிப் பேசினார்கள். அதற்குப் பிறகுதான் நியூயார்க் அசைந்தது. இதற்குள் அகோஸ்டா அமெரிக்காவின் தொழிலாளர் துறை அமைச்சராகவே ஆகியிருந்தார்! கைது நடந்த பிறகுதான் ராஜினாமா செய்தார்.

கயல்விழி:
2019 ஆகஸ்ட் 10 அன்று எப்ஸ்டீன் சிறையில் இறந்துபோனார். அவரைக் கூண்டில் பார்க்கும் வாய்ப்பு அந்தப் பெண்களுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

எனக்கு இதைவிட உறைத்தது இன்னொன்று. எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று 2008-லேயே கோர்ட்டுக்குப் போனார்கள். பாதிக்கப்பட்டவர்களின் உரிமைகளைக் காக்கும் சட்டத்தை அரசு மீறியது என்று நீதிபதி கென்னத் மாரா சொல்வதற்குள் 2019 பிப்ரவரி வந்துவிட்டது. அந்த வெற்றியும் நிலைக்கவில்லை. 2021-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 7-க்கு 4 என்று கைவிரித்தது: மத்திய அரசு குற்றப்பத்திரிகையே தாக்கல் செய்யாதபோது, அந்தச் சட்டத்தைக் காட்டித் தனியாக வழக்குப் போட முடியாதாம். வழக்கே பிறக்காமல் பார்த்துக்கொண்டார்கள். வழக்கு பிறக்காததால் கேட்கிற உரிமையும் இல்லை. பணம் வாங்கியது இதைத்தான் சார். 13 மாதம் அதோடு சேர்ந்து வந்தது.

வக்கீல் சோமு:
அந்தத் தீர்ப்பை இன்று மதியம் உட்கார்ந்து படித்தேன். பெரும்பான்மை நீதிபதிகள் சட்டத்தின் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள், வக்கீலாக அதில் குறை சொல்ல எனக்குக் கஷ்டம். ஆனால் மாறுபட்ட நாலு பேர் பக்கம்தான் என் மனசு போகிறது. சாட்சிகளைப் பற்றி நான் முதலில் எழுதியதை மட்டும் திரும்ப எடுக்க மாட்டேன். கூண்டில் அந்தப் பெண்கள் கிழிபட்டிருப்பார்கள். கிழிபடத் தயாரா என்று அவர்களைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அந்த இடத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன்.