97-க்கு டியூன் செய்த காரில் 95 ஊற்றினால்

97-க்கு டியூன் செய்த காரில் அவசரத்துக்கு 95 ஆக்டேன் பெட்ரோல் ஊற்றலாமா என்று கேட்பவர்களுக்காக, எனக்குப் பழக்கமான அண்ணன் ஒருவரின் சுபாரு எஸ்டிஐ கதையைச் சொல்கிறேன். 2.5 லிட்டர் ஈஜே257 எஞ்சின். உள்ளே எல்லாம் கம்பெனி பிஸ்டன்தான். கோலாலம்பூரில் ஒரு கடையில் பூஸ்டை (டர்போவின் காற்றழுத்தத்தை) ஏற்றி, ரான் 97-க்கு (ரான் என்பது ஆக்டேன் எண்) மேப், அதாவது எரிபொருள்-டைமிங் கணக்கு, போட்டிருந்தார். அப்போது 95 விலை 2.05 ரிங்கிட், 97 மூன்றைத் தாண்டியிருந்தது. அதனால் வேலைக்குப் போய்வர 95, வார இறுதியில் 97. பாதி டாங்க் 95 மேல் 97 ஊற்றினால் உள்ளே இருப்பது 96 தானே!

கெந்திங் மலையில் வினை வந்தது. லாரிக்குப் பின்னால் ஊர்ந்து, எஞ்சின் மேலேயே உட்கார்ந்திருக்கும் இன்டர்கூலர் நன்றாகச் சூடேறிய பிறகு, மூன்றாவது கியரில் முழு மிதி. நாக்கிங் (கலவை தானாக வெடித்து எழும் தட்டல்) கேட்கவில்லையா என்றால், அந்த எக்ஸாஸ்ட் சத்தத்தில் பக்கத்து சீட்டில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அப்புறம் எஞ்சின் கம்ப்யூட்டரின் பதிவை (லாக்) பார்த்தபோதுதான், டைமிங்கை எவ்வளவு நம்பி ஏற்றலாம் என்று சுபாரு வைக்கும் அளவான ஐஏஎம் 1-இல் இருந்து 0.6-க்கு இறங்கியிருப்பது தெரிந்தது. ஈசியு, அந்தக் கம்ப்யூட்டர்தான், தன்னால் முடிந்தவரை தீப்பொறி டைமிங்கைக் குறைத்துப் பார்த்திருக்கிறது.

கொஞ்ச நாளில் நீலப் புகை. போர்மன் (மெக்கானிக்) நாலாவது சிலிண்டர் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் காட்டினார். வெள்ளைப் பீங்கானில் மினுமினுவென்று பொடிப் புள்ளிகள், பிஸ்டனில் இருந்து வந்த அலுமினியம். கம்ப்ரஷன் மற்றதில் பாதிகூட இல்லை. பிரித்தால், ரிங்குகளுக்கு நடுவே உள்ள மேடு உடைந்து கிடந்தது. இந்த எஞ்சினின் வார்ப்புப் பிஸ்டனுக்கு இது பழைய வியாதி.

"பவர் கூட்டினதாலதான் போச்சு" என்று அண்ணன் இன்னும் சொல்கிறார். எனக்கு உடன்பாடில்லை. நண்பர் ஒருவரின் மிட்சுபிஷி ஈவோ 9-உம் ஏறக்குறைய அதே பவர்தான். மேப் 97-க்கு, சிப்பாங் டிராக்கில் இறங்கும்போது மட்டும் பெட்ரோன் பம்பின் 100 ஆக்டேன். இன்றைக்கும் ஓடுகிறது. ஈவோவின் 4ஜி63 எஞ்சினின் இரும்பு பிளாக்குக்கும் அதில் பங்குண்டு, சரி. ஆனால் 100 ஊற்றியதால் அவருக்கு ஒரு குதிரைசக்திகூட ஏறவில்லை, மேப் மாறவில்லையே. நாக்கிங் வராமல் இருக்கக் கொஞ்சம் இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

தாய்லாந்தின் ஹட்யாய் பக்கம் காரில் போகிறவர்கள் பம்பைக் கவனியுங்கள். அங்கே எத்தனால் கலந்த பெட்ரோலான கேசோஹால்தான் அதிகம், 20 சதவீதம் எத்தனால் உள்ள ஈ20-உம் உண்டு. ஆக்டேன் ஒருபுறம் இருக்கட்டும், எத்தனால் கூடினால் இன்ஜெக்டர் அதிகமாகத் தெளிக்க வேண்டும். முழு மிதியில் நம் மேப் அதைச் செய்யாது, கலவை மெலிந்துவிடும். ஈ20-இல் பூஸ்ட் ஏற்றி ஓட்டியவர்கள் இருந்தால் லாக்கைப் போடுங்கள்.